வேலை முடிந்து வந்தும் கம்பஞ்சோறு: ஆறு வார அனுபவம்

புதுச்சேரியில் வேலை முடித்து, பஸ் பிடித்து, திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்குள் நுழையும்போது இரவு 7.30 ஆகிவிடும். 8.30-க்குள் பிள்ளைகள் சாப்பிட்டாக வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் தவிடு போகாத தானியம் சமைக்க முடியுமா என்றுதான் ஆறு வாரமாகச் செய்து பார்க்கிறேன்.

சாமை, வரகு, தினை மூன்றும் சுலபம். கல் அரித்து, 20 நிமிடம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் விட்டு, குக்கரில் 2 விசில். அவ்வளவுதான். வாங்கும்போது மட்டும் வெள்ளை வெளேரென்று தீட்டியதை விட்டுவிட்டு, கொஞ்சம் மங்கலாக இருப்பதை எடுக்கிறேன். அதில்தான் தவிடு மிச்சமிருக்கும்.

கறுப்பு கவுனி அரிசிக்கு ஊறல்தான் எல்லாம். காலையில் கழுவி, ஒன்றுக்கு மூன்று தண்ணீர் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போகிறேன். ராத்திரி அந்த ஊதா நிறத் தண்ணீரோடு அப்படியே குக்கரில் ஏற்றினால் 6 விசிலில் வெந்துவிடுகிறது. ஆவி தானாக அடங்கும் வரை திறக்கக் கூடாது.

கம்புதான் என்னைப் படுத்தி எடுத்தது. முதல் வாரம் காலையில் ஊறப்போட்டு அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டுப் போனேன். கத்திரி வெயில். வந்து திறந்தால் நுரை கட்டி, குப்பென்று புளித்த வாடை. கொட்டிவிட்டேன். அடுத்த முறை ஃபிரிட்ஜில் ஊறவைத்து, முழுசாகவே 6 விசில் விட்டேன். உள்ளே வெந்திருந்தது, தோல் மட்டும் மசியவில்லை. சின்னவள் ஒரு வாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பண்ருட்டியில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன். "தண்ணி தெளிச்சுக் குத்தாம கம்பு எப்படிடி வேகும்? உரல் இல்லன்னா மிக்ஸியில விட்டு விட்டுச் சுத்து" என்றார்.

அதுதான் வழி. ஒரு டம்ளர் கம்புக்கு இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்துப் பிசிறி, 10 நிமிடம் விடுகிறேன். பிறகு மிக்ஸியில் ஒரு நொடி ஓட்டி நிறுத்தி, மறுபடி ஒரு நொடி, இப்படி நான்கைந்து தடவை. கையை விட்டு அள்ளினால் சாம்பல் நிறத்தில் மெல்லிய தோல் விரல்களில் ஒட்டும். முறத்தில் போட்டுப் புடைத்தால் பறந்துவிடும். தவிடு முழுக்கப் போய்விடாது, பல்லில் மாட்டும் மேல்தோல்தான் போகிறது. அப்புறம் இன்னும் இரண்டு சுற்று. ஒரு மணி இரண்டு மூன்றாக உடைந்தால் போதும், மாவாகிவிடக் கூடாது. உடைந்த இடம் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்குவதால்தான் சீக்கிரம் வேகிறது.

இந்த வேலையை ஞாயிற்றுக்கிழமை முடித்து, ஃபேனுக்கடியில் நன்றாக உலர்த்தி, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். கம்பில் எண்ணெய்ச் சத்து உண்டு. உடைத்ததை வெளியில் வைத்தால் சீக்கிரமே காறல் வாடை வந்து கசக்கும். அதனால் ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து உடைப்பதில்லை.

இப்போது வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, உடைத்த கம்பைக் கழுவி ஊறவைப்பது. குழம்புக்கு நறுக்கி முடிப்பதற்குள் அது ஊறிவிடும். குக்கரில் ஒன்றுக்கு நான்கு தண்ணீர் கொதித்த பிறகு உப்பும் கம்பும் போட்டு, கட்டி தட்டாமல் கிளறி மூடுகிறேன். 2 விசில், பிறகு சிறு தீயில் 10 நிமிடம். நேற்று 8.20-க்குத் தட்டில் இருந்தது. கருவாட்டுக் குழம்பு ஊற்றிக்கொடுத்தேன். சின்னவள் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மிச்சத்தை ஆறவைத்து உருண்டை பிடித்து, மண்சட்டித் தண்ணீரில் போட்டு வைத்தேன். இன்று காலை மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.