"தத்தி" வேறு, "பளம்" வேறு

ஜனவரியில் முதலாம் தரத்துக்கு வரும் பிள்ளைகளில் ஒன்று கத்தியைத் "தத்தி" என்று சொல்லும். பக்கத்தில் இருக்கும் பிள்ளை பழத்தைப் "பளம்" என்று சொல்லும். பாடசாலைக்குப் பேச்சுச் சிகிச்சையாளர் வருகிறார் என்றதும் டீச்சர் எழுதிக் கொடுக்கும் பட்டியலில் இரண்டு பேரும் இருப்பார்கள், இரண்டு பேருக்கும் நேரே "உச்சரிப்பு சரியில்லை" என்றே எழுதியிருக்கும். முதல் பிள்ளைக்கு உதவி வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு ஒன்றும் வேண்டாம், அது தன் வீட்டுத் தமிழைச் சரியாகப் பேசுகிறது. இலங்கையின் மலையகப் பாடசாலையில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

அமெரிக்காவில் இந்த வேலை பாடசாலைக்குள்ளேயே நடக்கிறது. குறைபாடுள்ள பிள்ளைக்கு வேண்டிய பேச்சுச் சிகிச்சையைப் பாடசாலையே இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 1975இல் அங்கே சட்டம் வந்தது. இலங்கையில் பேச்சுச் சிகிச்சையாளர் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில், சுகாதார அமைச்சின் கீழ் இருப்பவர். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் படித்து வெளிவருகிறவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் குறைவு. மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ ஒரு தோட்டப் பாடசாலைக்கு ஒருவர் வருவது அபூர்வம். அப்படி வருகிற ஒரு நாளை, வேண்டாத பெயர்களைப் பரிசோதிப்பதில் கழித்துவிடக் கூடாது.

பட்டியலைச் சுருக்க நல்ல வழி, பிள்ளையின் தாயையோ பாட்டியையோ பேசவைத்துக் கேட்பது. மலையகப் பேச்சில் மழை "மள", காற்று "காத்து", வெற்றிலை "வெத்தல", விறகு "வெறகு", இலை "எல", உடம்பு "ஒடம்பு". இவையெல்லாம் ஒழுங்கான மாற்றங்கள். ழ எங்கே வந்தாலும் ள ஆகும், ற்ற எங்கே வந்தாலும் த்த ஆகும். வீட்டில் எல்லாரும் இப்படிப் பேசினால் அது குறைபாடு இல்லை. எழுத்துத் தமிழில் ழகரத்தைப் படிப்பிப்பது டீச்சரின் பாடம், அதற்கு ஆஸ்பத்திரித் துண்டு தேவையில்லை. பாட்டியும் அக்காவும் "கத்தி" என்று சொல்ல, பிள்ளை மட்டும் "தத்தி" என்றால் அதுதான் நம் வேலை. வயதையும் பார்க்க வேண்டும். வெளியாள் ஒருவர் கேட்டால் இரண்டு வயதுப் பிள்ளையின் பேச்சில் பாதியாவது புரிய வேண்டும், மூன்று வயதில் முக்கால்வாசி, நான்கு வயதில் ஏறக்குறைய எல்லாம். ஐந்து முடிந்த பிள்ளை சொல்வதைத் தாய் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தால் அந்தப் பெயர் பட்டியலில் மேலே போக வேண்டும்.

அடுத்தது காது. கேட்டல் பரிசோதனை இல்லாமல் பேச்சுப் பயிற்சி தொடங்குவது அடுப்பைப் பற்றவைக்காமல் உலை வைப்பது மாதிரி. சளி பிடித்து நடுச்செவியில் நீர் கட்டிய பிள்ளைக்குச் சத்தம் கேட்கும், ஆனால் மங்கலாகக் கேட்கும். கூப்பிட்டால் திரும்பும், அதனால் "காது நல்லாத்தான் கேட்குது" என்று வீட்டில் சொல்வார்கள். ஸ், ஷ் போன்ற மெல்லிய ஒலிகளும் சொல்லின் கடைசியும்தான் தவறிப்போகும். ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், அடுத்த வாரம் கேட்காது. டீச்சர் அதைக் கவனக்குறைவு என்று நினைப்பார்.

வகுப்பில் செய்யக்கூடிய சிறு சோதனை ஒன்று உண்டு. பிள்ளைக்குப் பின்னால் ஒரு மீற்றர் தள்ளி நின்று, வாயைத் தாளால் மறைத்து, சாதாரணக் குரலில் ஆறு ஒலிகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். இடைவெளியை மாற்றி மாற்றி விடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை தாளத்துக்குச் சொல்லிவிடும். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கையைத் தூக்க வேண்டும். ஒன்று தவறினாலும் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்கு அனுப்புங்கள். ஆறும் சரியாக வந்தாலும் இலேசான கேட்டல் குறைவு இதில் பிடிபடாது, ஆகவே இது ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கு மாற்று இல்லை. மழை நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். தகரக் கூரையில் மழை விழும்போது, அரைச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு வகுப்பு வாய்ப்பாடு சொல்லும்போது, பெரியவர்களுக்கே ஸ் கேட்காது. காதில் சீழ் வடிகிற பிள்ளைக்கு எண்ணெய் காய்ச்சி ஊற்றும் பழக்கத்தைத் தாயிடம் அன்பாகச் சொல்லி நிறுத்துங்கள். நாக்கில் வசம்பு உரசினால் பேச்சு வரும் என்பதும் அப்படித்தான், பேச்சு அதனால் வராது.

பேச்சைப் பரிசோதிக்க வெளிநாட்டுப் படஅட்டைகள் உதவாது. படம் தெரியாமல் பிள்ளை பேசாமல் இருப்பது ஒரு காரணம். பெரிய காரணம் ஒலி அமைப்பு. ஆங்கிலச் சொற்கள் க், ட், ப் என்று முடியும், தமிழ்ச் சொல் அப்படி முடியாது. உயிரிலோ ம், ன், ல், ள், ர் மாதிரியான மெய்யிலோதான் முடியும். அந்த அட்டையில் சொல்லிறுதிக்குச் செய்யும் பயிற்சி தமிழ்ப் பிள்ளையின் வாயில் ஒட்டாது. முப்பது சொல் போதும், படத்தை நாமே வரையலாம், பொருளையே காட்டினால் இன்னும் நல்லது: கூடை, கத்தி, படங்கு (கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் கட்டுவது), குடை, சட்டி, அடுப்பு, ரொட்டி, பாய், காக்கா, தக்காளி, மாடு, பஸ், ரயில், தங்கச்சி, மரம். "இது என்ன?" என்று கேட்டுப் பிள்ளை தானாகச் சொல்வதை எழுத வேண்டும். நாம் சொல்லி, அது திருப்பிச் சொன்னால் உண்மையைவிட நன்றாகக் கேட்கும்.

சிகிச்சையாளர் சிங்களம் பேசுகிறவராக இருந்தால் இடையில் ஒரு டீச்சரோ தாதியோ நிற்பார். அவருக்கு முதலிலேயே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: பிள்ளை சொன்னதைத் திருத்தாதீர்கள். பிள்ளை "தத்தி" என்றால், நல்ல மனதோடு "கத்தின்னு சொல்றான்" என்றுதான் யாரும் சொல்வார்கள். அங்கேயே பிழை மறைந்துவிடும். ஃபோனில் பதிவு செய்துவைத்தால் பிறகு தமிழ் தெரிந்த ஒருவர் கேட்டுப் பார்க்கலாம். பேச்சுச் சிங்களத்தில் ல, ள இரண்டும் ஒரே ஒலி. அதனால் புலி, புளி வித்தியாசத்தை இடையில் நிற்பவரின் காதைக் கொண்டே தீர்மானிக்க வேண்டியிருக்கும். வீட்டில் தமிழும் வெளியே சிங்களமும் கேட்பதால் பேச்சு தாமதிக்கிறது என்று சொல்லி, வீட்டில் தமிழை விடச் சொல்வது தவறான ஆலோசனை. தாய்க்கு நன்றாக வருகிற மொழியில்தான் பிள்ளைக்கு நிறையப் பேச்சு கிடைக்கும்.

இனி "தத்தி"க்கு வருவோம். க சொல்ல நாக்கின் பின்பக்கம் மேலே எழ வேண்டும், இந்தப் பிள்ளைக்கு நுனி எழுகிறது. முதலில் காது பழக வேண்டும். பல்/கல், படி/கடி என்று நீங்கள் சொல்ல, பிள்ளை படத்தைத் தொடட்டும். அது எளிதாக வந்தபின் தடை/கடை. பத்துக்கு எட்டு சரியாகத் தொடும்வரை வாயைத் திறக்கச் சொல்ல வேண்டாம். பிறகு பிள்ளை தன் கழுவிய விரலால் நாக்கு நுனியைக் கீழே அழுத்திக்கொண்டு "அக்கா" என்று சொல்லட்டும். நுனி எழ முடியாததால் பின்பக்கம் எழும். விரல் நகத்தளவு உள்ளே போனால் போதும், அதற்கு மேல் போனால் ஓங்கரிக்கும், பிறகு பிள்ளை உங்களைக் கண்டாலே வாயை மூடிக்கொள்ளும். வரவில்லையா, பாயில் மல்லாந்து படுக்கவைத்துச் சொல்லச் சொல்லுங்கள், நாக்கு தானாகப் பின்னால் சரியும்.

"அக்கா"வில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இரட்டை க் நாக்கை ஒரு கணம் மேலேயே நிறுத்தும், ஆ நாக்கைப் பின்னால் வைத்திருக்கும். அதன் பிறகு காக்கா, பக்கம், அப்புறம் கால், கூடை. கிளி, கீரை கடைசியில். இ, ஈ நாக்கை முன்னால் இழுப்பதால் அங்கே க மறுபடி த ஆகும். மகன், பகல் மாதிரியான சொற்களில் நடுவில் வரும் க மெலிந்து வேறு ஒலியாகிவிடுகிறது, அவற்றைப் பயிற்சிக்கு எடுக்க வேண்டாம். பெரும்பாலும் தவறு நடப்பது "கத்தி"யில்தான். பிழையைக் காட்டிக்கொடுத்த சொல் என்பதால் அதையே நாள் முழுக்கச் சொல்லவைப்பார்கள். அதே சொல்லுக்குள் த இருக்கிறது, அது க-வை இழுத்துக்கொண்டு போய்விடும். கத்தி, தக்காளி, தங்கச்சி மூன்றையும் கடைசி வாரத்துக்கு வையுங்கள்.

வாரம் ஒருமுறை அரை மணி நேரத்தைவிட நாளுக்கு இரண்டு தடவை ஐந்து நிமிஷம் பலன் தரும். ஒரு நாளில் அந்த ஒலி 50 தடவைக்குக் குறையாமல் வாயில் வர வேண்டும். பத்துப் புளியங்கொட்டையை ஒரு சிரட்டையிலிருந்து இன்னொரு சிரட்டைக்கு மாற்றினால் எண்ணிக்கை தவறாது, பிள்ளைக்கும் விளையாட்டு. பத்துக்கு எட்டு இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் அடுத்த படி. ஐந்துக்குக் கீழே போனால் ஒரு படி இறங்குங்கள். சொல்லில் வந்துவிட்டது என்று அங்கேயே நிறுத்திவிடுவது இன்னொரு பிழை. இரண்டு சொல் சேர்த்து, வசனத்தில், பிறகு கதை சொல்லும்போதும் வர வேண்டும்.

ர வராத பிள்ளைக்கு வகுப்பறை கொடுமையான இடம். "மரம்" என்று வாசிக்கச் சொன்னால் ர, ல ஆகி வேறு சொல் விழும், வகுப்பே சிரிக்கும். அந்தப் பிள்ளையைத் தனியாக எழுப்பி வாசிக்கவைக்காதீர்கள், குழுவாக வாசிக்கவையுங்கள். ர தாமதமாகவே வரும் ஒலி, ஐந்து வயதில் வராவிட்டால் பதற வேண்டாம். ஆறிலும் வராவிட்டால் "வாடா, போடா" என்று வேகமாகச் சொல்லவைத்து, அந்தத் தட்டலைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவரலாம். பிள்ளை பிழையாகச் சொன்னதும் "சரியாச் சொல்லு" என்று நிறுத்த வேண்டாம். "ஆமா, மரம். பெரிய மரம்" என்று சரியான வடிவத்தைக் கேட்கக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

திக்குகிற பிள்ளைக்கும் குழு வாசிப்பு நல்லது, சேர்ந்து வாசிக்கும்போது திக்கல் பெரும்பாலும் மறையும். "மெதுவாப் பேசு", "மூச்சு இழுத்துட்டுப் பேசு" இரண்டையும் விட்டுவிடுங்கள். சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். சின்ன வயதில் தொடங்கும் திக்கல் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாக நிற்கும். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ குடும்பத்தில் திக்குகிறவர்கள் இருந்தாலோ அனுப்புங்கள். அண்ணப்பிளவு தைத்த பிள்ளைக்கு மூக்கின் கீழே சிறு கண்ணாடி பிடித்து "பப்பா" சொல்லச் சொன்னால், கண்ணாடி மங்குவதைக் கொண்டு காற்று மூக்கால் ஒழுகுவதை அறியலாம். அதற்குப் பலூன் ஊதவைப்பதால் பயனில்லை, சத்திரசிகிச்சை செய்த கிளினிக்கே திரும்பப் பார்க்க வேண்டும்.

வீட்டைப் பற்றிப் பேசும்போது கொழுந்து பறிக்கும் தாயின் நாள் நம் கண்முன் இருக்க வேண்டும். காலையில் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு, பிள்ளை பிள்ளைக் காம்பரா என்கிற தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்திலோ பாட்டியிடமோ, மலையிலிருந்து திரும்ப ஐந்து மணி. தண்ணீர், விறகு, சமையல். கிளினிக்குக்கு ஒரு நாள் போனால் அன்றைய பேர், அதாவது அன்றைய கூலி, இல்லை. காது ஒரு நாள், பேச்சு ஒரு நாள் என்று திகதி கொடுத்தால் இரண்டாவது நாளைக்கு அவர் வரமாட்டார், அது அக்கறையில்லாமை அல்ல. இரண்டையும் ஒரே நாளில் கேட்டு வாங்குங்கள். கண்டி, பதுளை என்று தூரம் அனுப்பினால் எந்த வாசல், எந்த அறை, எத்தனை மணி என்பதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். "பிள்ளையோட நிறையப் பேசுங்க" என்பது அவருக்கு உதவாத வாக்கியம். ஒரு வேலையைத் தேர்ந்து சொல்லுங்கள். ரொட்டிக்கு மாப் பிசையும்போது "போடு", "ஊத்து", "பெசை", "தட்டு" என்று செய்வதற்கு முன்னால் சொல்லிவிட்டு, ஐந்து எண்ணும்வரை பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கச் சொல்லுங்கள். அந்த ஐந்தும் நீளமாகத் தோன்றும், பேச்சு அங்கேதான் நுழைகிறது.

டீச்சர்மார் இடமாற்றம் பெறுகிறார்கள், சிகிச்சையாளரும் மாறுகிறார். பிள்ளையின் கோப்பில் அரைத்தாள் ஒன்று இருந்தால் அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. வயது, வருடமும் மாதமும். காது பரிசோதித்த திகதியும் முடிவும். எந்த ஒலி, எந்தப் படி. இந்த வாரத்துக்கான மூன்று சொல். கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: "பளம்", "காத்து", "எல" என்று பிள்ளை பேசினால் திருத்த வேண்டாம்.