வெளியீட்டுக் கோப்புறையில் அழையா விருந்தாளிகள்

இன்று காலை பில்ட் (எழுதிய நிரலை இயங்கும் கோப்புகளாக மாற்றும் வேலை) முடிந்து, அதன் விளைவுகள் வந்து சேரும் வெளியீட்டுக் கோப்புறையைத் திறந்தபோது, நேற்றுவரை 12 கோப்புகள் இருந்த இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவை வரிசைகட்டி நின்றன.

பெரும்பாலானவை 'சிஸ்டம்' என்று தொடங்கும் டிஎல்எல் கோப்புகள், அதாவது நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நூலகங்கள். அவற்றைச் சேர்க்கும்படி நான் எங்கும் கேட்டதில்லை.

ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். செயல்படும் நிரல் வரி ஒன்றுகூட இல்லை. 'நீங்கள் தேடும் வகை இங்கில்லை, வேறொரு நூலகத்தில் இருக்கிறது' என்று கைகாட்டும் குறிப்புகள் மட்டுமே இருந்தன.

பூட்டிய வீட்டுக் கதவில் ஒட்டிய புது முகவரிச் சீட்டைப் போல.

எந்தக் கோப்பு எதன் பொருட்டு நகலெடுக்கப்பட்டது என்று பில்டின் விரிவான பதிவைப் பின்னோக்கித் தொடர்ந்ததில், நேற்று மாலை நான் சேர்த்த ஒரு சிறு தொகுப்பில் (பிறர் எழுதிய ஆயத்த நிரலில்) போய் நின்றேன். அது டாட்நெட் ஸ்டாண்டர்ட் 2.0 என்ற பொது விவரக்குறிப்பைச் சார்ந்தது, எங்கள் திட்டமோ மைக்ரோசாஃப்டின் நிரல் தளமான டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.6.1-இல் இருந்தது. ஸ்டாண்டர்ட் 2.0 வெளிவந்தது 2017-இல், ஃப்ரேம்வொர்க் 4.6.1 வந்தது 2015-இல். பின்னால் பிறந்ததை முன்னால் பிறந்தது அறிந்திருக்க வழியில்லை என்பதால், இடைவெளியை நிரப்பும் கோப்புகளை பில்ட் கருவியே கொண்டுவந்து வைத்துவிடுகிறது.

முதலில் அழிக்கத்தான் கை போனது. அழித்திருந்தால் பில்ட் எதுவும் சொல்லியிருக்காது. பயனரின் கணினியில்தான் நிரல் விழுந்திருக்கும்.

ஒரு வரியில் ஒரு தொகுப்பைச் சேர்க்கும்போது, அதன் சுற்றத்தையும் சேர்த்தே அழைக்கிறோம் என்பது எனக்குத் தெரியாததல்ல; எண்ணிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஸ்டாண்டர்ட் 2.0-க்கான ஆதரவு உள்ளேயே அமைந்த ஃப்ரேம்வொர்க் 4.7.2-க்குத் திட்டத்தை மாற்றியதும் பெருங்கூட்டம் கலைந்தது.

இன்னும் இரண்டு கோப்புகள் மட்டும் நிற்கின்றன. அவை யாருடைய உறவு என்று நாளை விசாரிக்க வேண்டும்.