திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் கால் வைக்க இடமிருக்காது. அத்தனை பேரும் ராகுகாலத்தில் பயணம் செய்கிறவர்கள். திங்களன்று 7.30 முதல் 9 வரை ராகுகாலம். சென்னை வேலைக்குக் கிளம்புகிற நேரமும் அதுதான். வாரத்தைத் தொடங்கி வைப்பவரே ராகு பகவான் என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் இதற்கு என் மாமியார் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார். பரஸ்தானம். கெட்ட நேரத்தில் புறப்பட வேண்டியிருந்தால், நல்ல நேரத்திலேயே ஒரு சாமானை வீட்டுக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும். அதன்பிறகு ஆள் எப்போது போனாலும் தோஷமில்லை. அந்தக் காலத்தில் பெட்டியை அடுத்த வீட்டுத் திண்ணையில் வைப்பார்களாம். குரோம்பேட்டை அடுக்குமாடியில் திண்ணைக்கு எங்கே போவது? 7.20க்கு என் சாப்பாட்டுப் பை லிஃப்டில் இறங்கி, வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். நான் இறங்கி வரும்போது பார்த்தால், துணைக்கு இன்னும் இரண்டு வீட்டுப் பைகள் இருக்கும்.

சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பங்கிட்டு, அதில் ஒன்றை ராகுவுக்குக் கொடுப்பதுதான் கணக்கு. திங்களன்று இரண்டாம் பங்கு. காலண்டர் தாளில் இருப்பது ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அஸ்தமனம் என்று வைத்துப் போட்ட நேரம். ஜனவரி நடுவில் சென்னையில் சூரியன் உதிப்பதே ஆறரைக்கு மேல்தான். அப்படிப் பார்த்தால் அப்போது ராகுகாலம் ஏறக்குறைய எட்டு மணிக்குத்தான் தொடங்க வேண்டும். இதை அத்தையிடம் விளக்கினேன். "அப்படியானால் இரண்டு நேரத்தையுமே தவிர்த்துவிடலாமேம்மா" என்றார். அதற்குப் பிறகு நான் வீட்டில் வானியல் பேசுவதில்லை.

செவ்வாய், புதனுக்கு வேறு தொல்லை. வடக்கே சூலம். கிண்டியில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வடக்கே போகாமல் வழியில்லை. நல்லவேளையாகப் பரிகாரத்தையும் அதே தாளில் அச்சிட்டுவிடுகிறார்கள்: பால். காலையில் குடிக்கிற காபியில் இருப்பதும் பால்தானே என்று கேட்டேன். செல்லும் என்று தீர்ப்பாகிவிட்டது.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். ஆளைப் படுத்தியெடுப்பது நல்ல நாள்தான். இந்த வீட்டைப் பத்திரப்பதிவு செய்யச் சுபமுகூர்த்த நாளாகப் பார்த்துக் குறித்தோம். ஊரும் அதே காலண்டரைத்தான் பார்க்கிறது. அதனால் இத்தகைய நாள்களில் பதிவுத்துறையே டோக்கன்களைக் கூட்டித் தருவது வழக்கம்: ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்தில் 100க்குப் பதில் 150, இரண்டு பேர் இருந்தால் 200க்குப் பதில் 300. டோக்கன் கூடுகிறதே தவிர நாற்காலி கூடுவதில்லை. பட்டுப்புடவையும் பத்திரக் கவருமாகப் படிக்கட்டு வரை ஆட்கள். நாங்கள் நினைத்துப் போன நேரம் 10.45. கைரேகை வைக்கக் கூப்பிட்டபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. அன்று புதன்கிழமை, 12 முதல் 1.30 வரை ராகுகாலம். அத்தை என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

குடிவரும்போது புத்தி வந்துவிட்டது. முகூர்த்தத்தன்று பால் மட்டும் காய்ச்சி, சாமி படத்தையும் அரிசி, உப்பு, மஞ்சளையும் வைத்துவிட்டு வந்தோம். பால் காய்ச்சியாகிவிட்டால் பீரோவும் கட்டிலும் எந்த நாளில் வந்தாலும் குற்றமில்லை என்பது அத்தையின் சட்டம். வேலைநாள் ஒன்றில், நவமியாகப் பார்த்து, குட்டியானை வண்டிக்காரரைக் கூப்பிட்டேன். "எத்தனை மணிக்கு வேண்டுமோ சொல்லுங்கள் மேடம், அன்றைக்கு வண்டி சும்மாதான் நிற்கிறது" என்றார். வாடகை பேசியது அத்தை. "நவமியில் உன்னை வேறு யாரப்பா கூப்பிடப் போகிறார்கள்?" என்று கேட்டே ஐந்நூறு ரூபாய் குறைத்துவிட்டார்.