வலிக்கவில்லை என்பவரின் கால்

எலும்பு முறிவுப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். கணுக்கால் உடைந்து பிளேட், ஸ்க்ரூ வைத்துக்கொண்டவர்களின் கட்டைப் பிரிப்பது பெரும்பாலும் நான்தான். கூட வந்தவர்கள் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "எலும்பு நேரா சேர்ந்திருக்கா சிஸ்டர்?" என்பார்கள். என் கண் தோலின் மேல்தான் போகும்.

கணுக்காலின் இரு பக்கமும் எலும்புக்கு மேல் சதையே கிடையாது, தோல் மட்டும்தான். வீங்கியிருக்கும்போது அங்கே கீறித் தைத்தால் தையல் சேராமல் பிரிந்து, உள்ளேயிருக்கும் பிளேட் வெளியே தெரிகிற நிலைகூட வரும். அதனால்தான் கொப்புளம் கட்டிய காலுக்கு அறுவை சிகிச்சையை ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம் தள்ளிப் போடுகிறார்கள். வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழ வேண்டும். "சும்மாவே படுக்கப் போட்டிருக்காங்க" என்ற புலம்பலுக்குப் பதில் சொல்வதும் என் வேலைதான். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டால் இப்படிக் காத்திருக்க முடியாது; கிருமித் தொற்று அபாயமும் அதில் அதிகம்.

வயது, உடல் எடை, புகை எல்லாமே சிக்கலைக் கூட்டும். "ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டுதான்" என்பவருக்கும் நிக்கோடின் ரத்தக் குழாயைச் சுருக்கத்தான் செய்யும். ஆனால் என்னைக் கேட்டால், நெடுநாள் சர்க்கரையில் பாதம் மரத்துப் போனவர்தான் பெரிய கவலை. நரம்பும் ரத்த ஓட்டமும் கெடாத சர்க்கரை நோயாளியை ஓரளவு சமாளித்துவிடலாம்.

அப்படி மரத்துப் போன ஒருவர், "வலியே இல்ல சிஸ்டர், அதான் பாத்ரூம் வரைக்கும் ஊன்றியே போயிட்டு வந்தேன்" என்றார். கட்டைப் பிரித்தால் தையலோரம் கறுத்திருந்தது, பஞ்சில் மஞ்சள் கசிவு. விரலால் தடவியபோது ஸ்க்ரூவின் தலை தோலடியில் துருத்திக்கொண்டு நின்றது. வேறு யாராக இருந்தாலும் வலியில் கத்தியிருப்பார். இவர் பேசிக்கொண்டே இருந்தார். வழக்கமாக 6 வாரம் ஊன்றக் கூடாது என்றால், இவர்களுக்கு அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்குவது இதற்காகத்தான்.

நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிக்கும் முறை இருக்கிறது. அதற்கு முன்பே, வார்டுக்கு வந்ததும் நான் ஒன்று கேட்டுவிடுவேன்: நடக்கும்போது செருப்பு கழன்றால் தெரிகிறதா? "எங்கே, திரும்பிப் பார்த்தாத்தான் தெரியும்" என்று சிலர் சிரிப்பார்கள். அதைக் கேஸ் ஷீட்டில் எழுதி, டாக்டரிடம் நேரிலும் சொல்லிவிடுவேன்.