வால்வ மூடுங்கன்னு சொன்னது

"ரெண்டு நாளா தண்ணி இல்லாம கெடந்திருக்கு டாக்டர், இப்பதான் ஃபில்டர கழுவி விட்டேன், அடிச்சு புடிச்சு குடிக்குதுங்க." போன்ல பன்னிப் பண்ணை முதலாளி, அவர் கொரல்ல அப்படி ஒரு நிம்மதி. நான் உடனே "மொதல்ல வால்வ மூடுங்க"ன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்ல. அப்புறம் கேட்டார், "தாகத்துல கத்துற ஜீவனுக்கு தண்ணி குடுக்காதன்னா சொல்றீங்க?" ஆமான்னு சொன்னேன். மூடிட்டார்.

ஏன் அப்படி சொன்னேன்னு இப்ப யார் கேட்டாலும் தூக்கத்துல கூட வெளக்குவேன். பன்னில உப்பு விஷம்னு சொல்றோமே, அது தீவனத்துல உப்ப அள்ளிக் கொட்டினாதான் வரும்னு பல பேர் நெனைக்கிறாங்க. அப்படி இல்ல. எப்பவும் போடற அதே தீவனம், அதே உப்பு, தண்ணி மட்டும் நின்னா போதும். கிட்னியால உப்ப வெளிய தள்ள முடியாம ரத்தத்துல சோடியம் ஏறும், அது மெல்ல மூளைக்குள்ளயும் போய் உக்காந்துக்கும். அது வரைக்கும் பன்னி பாக்க நல்லாத்தான் நிக்கும், தீவனம் வேணாம்னு மூஞ்ச திருப்பிக்கும், மலம் இறுகும், அவ்வளவுதான். திரும்ப தண்ணி வந்து வயிறு முட்ட குடிக்குது பாருங்க, வினை அங்கதான் ஆரம்பிக்குது. ரத்தம் சட்டுனு நீர்த்துடும், மூளைல ஏறின உப்பு அவ்வளவு சீக்கிரம் எறங்காது, அதனால தண்ணியெல்லாம் மூளைக்குள்ள இழுக்கப்படும். மண்டை ஓட்டுக்குள்ள வீங்கறதுக்கு எடம் ஏது.

அதனால மணிக்கு ஒரு தடவ, உடம்பு எடைல அரை சதவீதம் தண்ணி, அதுக்கு மேல வேணாம்னு படிச்சிருக்கோம். 60 கிலோ பன்னின்னா 300 மில்லி. இத போன்ல சொன்னதும் அவர் சிரிச்சார், கோவச் சிரிப்பு. "நிப்பிள்ல 300 மில்லி எப்படி அளக்கறது, நீங்க வந்து ஒண்ணொண்ணா ஊத்துங்க டாக்டர்." நிப்பிள்ங்கறது பன்னி வாயால அமுக்கினா தண்ணி வர்ற குழாய் முனை, அதனால நியாயமான கேள்வி. தொட்டில ஊத்தலாம்னு சொன்னேன், ஊத்தினா கொழுத்தது ரெண்டு முன்னங்காலையும் உள்ள வச்சு நின்னுக்கும், செவுத்தோரம் கெடக்கற நோஞ்சானுக்கு ஒரு சொட்டு கெடைக்காது. கடைசில வால்வ கொஞ்ச நேரம் தெறக்கறது, மூடறதுன்னுதான் ஓட்டினோம். யார் எவ்வளவு குடிச்சுதுன்னு யாருக்கும் தெரியாது. சொன்ன அளவு ஒண்ணு, நடந்தது ஒண்ணு.

நான் போய் சேர்றதுக்குள்ள ஆரம்பிச்சிருச்சு. ஒண்ணு நாய் மாதிரி பின்னங்கால மடக்கி உக்காந்து மூக்க மேல தூக்கிட்டு இருந்துச்சு, மூக்கு நுனி மட்டும் துடிக்குது, அப்படியே பின்னாடி பின்னாடி நகந்து பொத்துனு சாஞ்சு காலால காத்த ஒதைக்குது. கொஞ்ச நேரத்துல எழுந்து ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்கும், மறுபடி மொதல்ல இருந்து. இன்னொண்ணு நெத்திய செவுத்துல வச்சு தள்ளிக்கிட்டே இருந்துச்சு, கண்ணு தெரியல. சுத்தி மத்ததெல்லாம் வறண்ட நிப்பிள கடிச்சு கடிச்சு இழுத்துட்டு இருக்கு. அந்த சத்தத்துக்கு நடுவுல நின்னு முதலாளி மறுபடி அதையே கேட்டார், "இப்பவாச்சும் தெறக்கலாமா?" கொஞ்சம் பொறுங்கன்னேன்.

எனக்கு உறுத்தறது இதுக்கு அப்புறம் நடந்ததுதான். மறுநாள் ஷெட்ல வேலை பாக்கற அண்ணன் தனியா வந்து, "சார், ராத்திரி கத்தல் தாங்க முடியல, மொத அறைக்கு மட்டும் நான் தெறந்து விட்டுட்டேன்"னார். அந்த அறைல ஒண்ணு கூட சாகல. செத்ததெல்லாம் கடைசி அறைங்கள்ல, நான் சொன்னபடி மூடி மூடி தெறந்த அறைங்கள்ல. முதலாளி காதுக்கும் போயிருச்சு. அவர் திட்டல. என்னைப் பாத்தார், அவ்வளவுதான்.

நான் உடனே சொன்னேன், அந்த அறை டேங்க் பக்கத்துல இருக்கு, லைன்ல மொதல், அங்க தண்ணி முழுசா நின்னிருக்காது, சோடியமே ஏறியிருக்காது, அதனால தெறந்து விட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு. இது உண்மைதான், இன்னிக்கும் அப்படித்தான் நம்பறேன். ஆனா அந்த பதில் என் வாய்ல இருந்து வந்த வேகம் எனக்கே புடிக்கல. அந்த அறைல ரெண்டு நாளும் தண்ணி வந்துச்சான்னு நான் யார்கிட்டயும் கேக்கல, கேக்கறதுக்கு முன்னாடியே வெளக்கம் ரெடியா இருந்துச்சு. அப்புறம் அந்த அண்ணன்கிட்ட கேட்டதுக்கு "கொஞ்சமா கசிஞ்சிட்டு இருந்திருக்கும் சார்"னார். என்னை சமாதானப்படுத்த சொன்னாரோ என்னவோ.

லேப்ல மூளைய பாத்துட்டு ரத்தக்குழாய சுத்தி ஈசினோஃபில்ங்கற ஒரு வகை வெள்ளை அணுக்கள் இருக்குன்னு எழுதினாங்க, பன்னில உப்பு விஷத்துக்கே உள்ள அடையாளம் அது. சரி, நோய் நான் நெனைச்ச நோய்தான். வால்வ மூடினதால எத்தன பொழச்சுதுன்னு லேப் சொல்லாதே. நான் போன எடுக்கறதுக்கு முன்னாடியே எத்தனையோ குடிச்சு முடிச்சிருச்சு, வலிப்பு வந்ததெல்லாம் அதுங்களா இருக்கலாம், அப்ப நான் மூடச் சொன்னது மத்தத காப்பாத்தியிருக்கலாம். இல்ல, குடிக்காம கெடந்த நோஞ்சானுங்கதான் என் பேச்ச கேட்டு தாகத்துலயே போச்சோ. வலிப்பு வந்துட்டா என்ன வைத்தியம் பண்ணாலும் பாதிக்கு மேல போகலாம்னு பாடத்துலயே இருக்கு, ராத்திரி தூக்கம் வராதப்ப இந்த வரிதான் கை குடுக்குது, ரொம்ப வசதியான வரின்னும் தோணுது.

இன்னொண்ணும் சொல்லணும், ரெண்டு நாளா டேங்க் ஃபுல்லாத்தான் இருந்திருக்கு. தெனமும் ஏறிப் பாத்திருக்காங்க. அடைச்சிருந்தது டேங்குக்கு கீழ ஃபில்டர். தீவனம் மிச்சமாகுதுன்னு மொத நாளே கவனிச்சு, தீவனம் கெட்டுப் போச்சான்னு மோந்து பாத்திருக்காங்க, மூட்டைய மாத்தியிருக்காங்க. கிலோ தீவனத்துக்கு ரெண்டு மூணு லிட்டர் தண்ணி குடிக்கற மிருகம், தண்ணி இல்லன்னா தீவனத்த தொடாது, அதனால தீவனம் மிஞ்சினா மொதல்ல கை போக வேண்டியது நிப்பிளுக்கு. கொழுப்பு பூராவும், புரதத்துல பாதியும் கரைஞ்சாலும் உயிரோட இருக்கற உடம்பு, தண்ணில பத்துல ஒரு பங்கு போனாலே தள்ளாடும், அஞ்சுல ஒரு பங்கு போனா அவ்வளவுதான். புரதம் எத்தன சதவீதம், லைசின் எவ்வளவுன்னு என்கிட்ட மணிக்கணக்கா பேசறவங்க யாரும் தண்ணிய ஒரு சத்தா கணக்குல எடுத்து நான் பாத்ததில்ல.

இப்ப எந்தப் பண்ணைக்கு போனாலும் நேரா கடைசி அறைக்கு போய் நிப்பிள அமுக்கி ஒரு மக்குல நிமிஷக் கணக்குல புடிக்கறேன். வளர்ற பன்னிக்கு நிமிஷத்துக்கு ஒரு லிட்டராவது வரணும், பால் குடுக்கற தாய்க்கு ரெண்டு. டாக்டர் பிளம்பர் ஆயிட்டார்னு கிண்டல் பண்றாங்க, பண்ணட்டும்.

ஆனா மறுபடி அப்படி ஒரு போன் வந்தா? மூடுங்கன்னுதான் சொல்வேன். எந்த அறைல எவ்வளவு நாளா தண்ணி இல்லன்னு மொதல்ல கேட்டுட்டு சொல்வேன்னு நெனைக்கிறேன், அதுக்கு எதிர்ல இருக்கறவர் கிட்ட பதில் இருக்கணும், அந்த கேள்வி கேக்கற நேரத்துல அதுங்க இன்னும் குடிச்சிட்டே இருக்கும்.