ராக்கீஸ் பூட்ஸ்: உதைக்கும் இயந்திரம் ஒருவழியாகச் சரியானது

பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரில் இப்போது ஓடிக்கொண்டிருப்பது 'ராக்கீஸ் பூட்ஸ்'. ஆப்பிள் 2 கணினிக்காக லேர்னிங் கம்பெனி 1982இல் வெளியிட்ட விளையாட்டு. திரையில் நாம் ஒரு சிறு சதுரம், அவ்வளவுதான். இதை லெஸ்லி கிரிம்முடன் சேர்ந்து உருவாக்கியவர் வாரன் ராபினெட். அட்டாரி என்ற விளையாட்டு நிறுவனத்தில் தன் பெயரைப் போடமாட்டார்கள் என்று தெரிந்து, 'அட்வென்ச்சர்' விளையாட்டின் ரகசிய அறையில் பெயரை ஒளித்துவைத்தாரே, அவரேதான். அதிலும் நாயகன் ஒரு சதுரம்தான்!

உருவங்கள் வரிசையாக வரும். வேண்டியதை மட்டும் ஒரு பூட்ஸ் உதைக்கும்படி நாம் மின்சுற்று கட்ட வேண்டும். 24 புள்ளி எடுத்தால் ராக்கி என்ற ரக்கூன் வந்து ஆடும். புதிரை நாமே அமைக்கவும் வழி உண்டு. நான் வைத்த நிபந்தனை: நீலமாக இருக்க வேண்டும், சிலுவையாக இருக்கக் கூடாது. சிலுவையைக் கண்டால் மின்சாரம் அனுப்பும் உணரியை, வருவதைத் தலைகீழாக்கும் 'நாட்' கேட்டில் மாட்டி, அதையும் நீல உணரியையும், இரண்டிலும் மின்சாரம் வந்தால் மட்டுமே கடத்தும் 'அண்ட்' கேட்டில் சேர்த்தேன். காகிதத்தில் கச்சிதம். ஆனால் நீலச் சிலுவை வந்தபோதும் பூட்ஸ் உதைத்தது. மின்சாரம் ஆரஞ்சு நிறத்தில் ஊர்ந்துபோவதை உற்றுப் பார்த்தால் காரணம் புரிகிறது: 'நாட்' அணைவதற்குள் நீலம் முந்திவிடுகிறது. நீலத்தின் வழியில், ஏதாவது ஒன்றில் மின்சாரம் வந்தாலே கடத்தும் 'ஆர்' கேட் ஒன்றைச் செருகித் தாமதப்படுத்தினேன், சரியாகிவிட்டது. பொறியியல் வகுப்பில் பலகையில் பார்த்த பாடம் இங்கே கண்ணெதிரே நடக்கிறது.

இதை உருவாக்கிய நிறுவனம் 1980இல் நான்கு பேர் தொடங்கியது. அவர்களில் ஆன் மெக்கார்மிக் ஆசிரியராக இருந்தவர். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதி கொடுத்தது. அதன் வாசிப்புப் பயிற்சி விளையாட்டான 'ரீடர் ராபிட்' வீடுதோறும் போனது. 1995இல் சாஃப்ட்கீ என்ற மென்பொருள் நிறுவனம் சுமார் 60 கோடி டாலருக்கு லேர்னிங் கம்பெனியை வளைத்துப்போட்டது. அந்தப் பெயரையும் தனக்கே சூட்டிக்கொண்டது. மலிவு விலை டிஸ்க்குகளைக் கடைகளில் குவித்து வளர்ந்த நிறுவனம் அது. செலவைக் குறைப்பதில் இருந்த அக்கறை புதிதாக எதையும் உருவாக்குவதில் இல்லை. மெக், ப்ரோடர்பண்ட் என்று மற்ற மென்பொருள் நிறுவனங்களையும் அடுத்தடுத்து விழுங்கியது. 1999இல் பார்பி பொம்மை விற்கும் மாட்டெல் சுமார் 350 கோடி டாலர் கொடுத்து எல்லாவற்றையும் வாங்கியது. நஷ்டம் தாங்காமல் மறு வருடமே கைகழுவியது; தலைவர் ஜில் பராட் பதவி விலகினார். அவ்வளவு பணம் கொடுத்தவர்கள் இந்த 'நாட்' கேட்டை ஒருமுறையாவது மாட்டிப் பார்த்திருப்பார்களா என்பது என் சந்தேகம்.

அடுத்து, 1984இல் வந்த 'ரோபாட் ஒடிஸி'. அங்கே மின்சுற்றுகளை ரோபாட்டின் வயிற்றுக்குள்ளேயே இறங்கிக் கட்ட வேண்டும். முதல் ரோபாட் இன்னும் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது.