பழைய டிபி பெட்டிக்கு எம்சிபி தேடும்போது

வீட்டு மின்பகிர்வுப் பெட்டியில் (டிபி) உள்ள எம்சிபி, அதாவது சுமை கூடினாலோ ஷார்ட் ஆனாலோ கரண்ட்டை வெட்டும் சிறு சுவிட்ச், அதன் விசை மேலே நிற்கவில்லை என்றதும் அது கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பல நேரங்களில் அது தன் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும். பொதுவாக, வீடு முழுக்க இருண்டால், கரண்ட் கசியும்போது வெட்டும் ஆர்சிசிபி விழுந்திருக்கும். ஓர் அறையோ ஒரு வரிசை பிளக் பாயிண்ட்டோ மட்டும் போனால் எம்சிபி.

சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சந்தேகப்படும் எம்சிபியை முதலில் முழுதாகக் கீழே தள்ளி, பிறகு மேலே தூக்குங்கள். சில மாடல்களில் ட்ரிப் ஆன (தானாக விழுந்த) விசை நடுவிலேயே நின்றுவிடும். அங்கிருந்து நேராகத் தூக்கினால் கொக்கி பிடிக்காது. எம்சிபியின் கொக்கி மாட்டுவதற்குக் கரண்ட் தேவையில்லை. கரண்ட் இல்லாதபோதும், எம்சிபி ஆறிய பிறகும் விசை நிற்காமல் தளர்ந்து விழுந்தால் எம்சிபிதான் போய்விட்டது. அப்போது நின்று, மெயினைப் போட்டதும் படீரென்று விழுந்தால் ஒயரிலோ மாட்டியிருக்கும் சாதனத்திலோ ஷார்ட். அரை மணி நேரம் ஓடிவிட்டு விழுந்தால் சுமை அதிகம், அல்லது முனை ஸ்க்ரூ தளர்ந்து சூடேறுகிறது. ஷார்ட் இருக்கும்போது திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முறை வெட்டும்போதும் உள்ளே காண்டாக்ட் தீய்கிறது.

எம்சிபியேதான் போய்விட்டது என்றால், அடுத்து அதன் முகப்பை டார்ச் அடித்துப் படிக்க வேண்டும். சிங்கப்பூரின் பழைய வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் பிரிட்டிஷ் வழிவந்த பெட்டிகளைப் பார்க்கலாம். ‘15 ஆம்ப், டைப் 2, எம்6’ என்று இருந்தால் அது பிஎஸ் 3871 என்ற பழைய தரத்தில் வந்தது. அந்தத் தரம் 1994இலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. அதே எழுத்துகளோடு புதுச் சரக்கு கேட்டு அலைவதில் பயனில்லை. இன்றைய அடையாளத்துக்கு மாற்றிப் படிக்கத் தெரிந்தால் போதும். 5 ஆம்ப் இப்போது 6. 15 இப்போது 16. 30 இப்போது 32. எம்6 என்றால் 6 கிலோஆம்ப் ஷார்ட் கரண்ட் வரை வெட்டும் திறன். இன்று அதையே நீள்சதுரக் கட்டத்துக்குள் 6000 என்று அச்சிடுகிறார்கள். பழையது எம்3 என்றிருந்தாலும் 6000க்குக் குறைந்ததை வாங்காதீர்கள்.

டைப்பில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பழைய டைப் 1, தன் ஆம்ப் எண்ணைப் போல 2.7 முதல் 4 மடங்கு கரண்ட்டில் உடனே வெட்டும். டைப் 2க்கு 4 முதல் 7 மடங்கு, டைப் 3க்கு 7 முதல் 10 மடங்கு. இன்றைய பி வகைக்கு 3 முதல் 5 மடங்கு, சி வகைக்கு 5 முதல் 10 மடங்கு. ஆக, டைப் 1க்குப் பதில் பி, டைப் 3க்குப் பதில் சி. டைப் 2 இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது, அங்கே சுமையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். விளக்கு, பிளக் பாயிண்ட்டுக்கு பெரும்பாலும் பி போதும். கம்ப்ரசர் கிளம்பும்போது ஒரு கணம் கரண்ட்டை இழுக்கும் ஏர்கானுக்கு சி. எதற்கும் சி போட்டுவிட்டால் தொல்லையில்லை என்று சிலர் சொல்வது எனக்கு ஒப்புதலில்லை. நீளமான ஒயரின் கடைசியில் ஷார்ட் ஆனால் சி உடனே வெட்டுவதற்குத் தேவையான கரண்ட் கிடைக்காமல் போகலாம்.

எதை மாற்றினாலும் ஆம்ப் எண்ணை ஒயர்தான் தீர்மானிக்க வேண்டும், பழைய எம்சிபி அல்ல. முன்பு வேலை செய்தவர் ‘அடிக்கடி விழுகிறது’ என்று 15க்குப் பதில் 30 மாட்டிவிட்டுப் போயிருக்கலாம். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்றால் 6 அல்லது 10 ஆம்ப். பிளக் பாயிண்ட்டுக்கு 2.5 ஒயர் ஒற்றை வரிசையாகப் போனால் 20. வளையமாகப் போய்த் திரும்பி வந்தால் 32. ஆனால் வளையம் எங்காவது அறுந்திருந்தால் சுமை முழுவதும் ஒரே 2.5 ஒயரில் ஏறும். 32 ஆம்ப் எம்சிபி அதைக் காப்பாற்றாது. ஆகவே 32 போடும் முன் வளையத்தின் இரு முனையையும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எண்கள் எல்லாம் பொருந்தியும் பெட்டியில் உட்காராமல் போவதுதான் அடுத்த தலைவலி. இன்றைய எம்சிபி 35 மில்லிமீட்டர் டின் ரயிலில் (பெட்டிக்குள் உள்ள உலோகப் பட்டையில்) மாட்டும், ஒரு போலின் (ஒற்றை எம்சிபியின்) அகலம் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர். பழையதில் பிளக்கைப் போலக் குத்தும் வகையும் உண்டு, போல்ட் போடும் வகையும் உண்டு. ரயில் வகை என்றாலும் பஸ்பாரின் (எம்சிபிகளுக்குக் கரண்ட் கொண்டுவரும் செம்புப் பட்டையின்) பல் ஊசி வடிவமா, கவை வடிவமா, எந்த உயரத்தில் நுழைகிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் போதும்: ஸ்க்ரூ முறுகிவிட்டதாகக் கைக்குத் தெரியும், ஆனால் பல் பிடிப்புக்கு வெளியே நிற்கும். சில மாதங்களில் செம்புப் பல் நிறம் மாறி, பக்கத்துப் பிளாஸ்டிக் பழுப்பாகி, மீன் வாடை போல ஒரு நாற்றம் வரும். அந்த வாடை வந்தால் மெயினை அணைத்துவிட்டு உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

பெயர் மாறிய கம்பெனிகளும் உண்டு. மெர்லின் ஜெரின் இன்று ஷ்னைடர். மோல்லர் 2008 முதல் ஈட்டன். மெம் பெயரும் ஈட்டனிடம் போய்விட்டது. கடைக்காரரிடம் கேட்க இது உதவும், ஆனால் ஒரே குடும்பம் என்பதால் பல்லும் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். ஜாலான் புசார், சிம் லிம் டவர் பக்கம் போகிறவர்கள் எம்சிபி முகப்பு, பெட்டியின் முன்கதவின் உட்புறத்தில் ஒட்டிய தாள், எம்சிபி வரிசை முழுவதும் என்று மூன்று படம் எடுத்துப் போங்கள். செகண்ட்ஹேண்ட் எம்சிபி வேண்டவே வேண்டாம். எத்தனை ஷார்ட்டை வெட்டிக் களைத்தது என்பது வெளியே தெரியாது.

பொருந்தும் எம்சிபி கிடைக்கவில்லை என்றால் தேடுவதை நிறுத்திவிட்டுப் பெட்டியையே மாற்றுவதுதான் சரி. குறிப்பாக ஆர்சிசிபி இல்லாத பெட்டி என்றால் யோசிக்கவே வேண்டாம். சிங்கப்பூரில் 1985 ஜூலைக்கு முன் கட்டிய சில வீடுகளில் அது இல்லை. 2023 ஜூலை 1 முதல் எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும் என்று விதி வந்து, கொடுத்த இரண்டு ஆண்டு அவகாசமும் 2025 ஜூலை 1இல் முடிந்துவிட்டது. 30 மில்லிஆம்ப் கசிவுக்கே விழும் ஆர்சிசிபியாக, பாதுகாப்பு முத்திரை உள்ளதாக வாங்குங்கள். அது தாங்கும் ஆம்ப் எண் மெயின் சுவிட்சின் எண்ணுக்குக் குறையக் கூடாது. இன்வெர்ட்டர் ஏர்கான், வாஷிங் மெஷின் உள்ள வீட்டுக்கு ஏசி வகை (மாறுதிசைக் கசிவை மட்டும் உணரும்) ஆர்சிசிபியைவிட, துடிப்பான நேர்திசைக் கசிவையும் உணரும் ஏ வகை நல்லது.

ஸ்க்ரூ போட்ட உள்மூடியைத் திறக்கும் வேலை உரிமம் பெற்ற மின்சார ஊழியருடையது, சட்டமும் அதுதான். மெயின் சுவிட்சை அணைத்தாலும் அதற்குள் வரும் ஒயரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். அவர் உரிமம் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவை டார்க் ஸ்க்ரூடிரைவரால் (முறுக்கு அளவை வைத்து முறுக்கும் கருவியால்), கம்பெனி தாளில் உள்ள அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள். ஒயரின் பிளாஸ்டிக் உறையையும் சேர்த்துக் கவ்வியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் ஆர்சிசிபியின் டி (டெஸ்ட்) பொத்தானை அழுத்துங்கள், விழ வேண்டும். பிறகு ஏர்கானையும் ஹீட்டரையும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மூடிய பெட்டியில் புது எம்சிபியின் முகப்பில் புறங்கையை வையுங்கள். இளஞ்சூடு சகஜம். கை வைக்க முடியாத சூடு என்றால் ஆள் கிளம்பும் முன்பே திரும்பத் திறக்கச் சொல்லுங்கள்.